சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இலங்கை ஒரே சுற்றில்: ரொக்கமா, கார்டா?

(நீலகிரிக்காரர்கள் நாலு பேரின் கேள்வி-பதில். பந்தலூர், வெலிங்டன், கோத்தகிரி, கேத்தி என்பவை எழுதுகிறவர்களின் ஊர்கள்.)

பந்தலூர் | 2 ஜூன் 2025

ஆகஸ்டில் நாலு பேர் கிளம்புறோம். கோவையிலிருந்து சிங்கப்பூர். அங்கிருந்து தரைவழியா ஜொகூர், கோலாலம்பூர், பினாங்கு, ஹாட்யாய், பாங்காக். அப்புறம் விமானத்தில் கொழும்பு. ஹட்டன் பக்கம் சொந்தக்காரங்க வீட்டில் நாலு நாள் தங்கிட்டு திருச்சியில் இறங்குறோம். டிக்கெட், ஹோட்டல் முன்பணம் போகக் கைச்செலவுக்கு இரண்டரை லட்சம் ஒதுக்கியிருக்கு. டிராவல்ஸ்காரர் "மொத்தத்தையும் டாலரா மாத்திக்கோங்க, கார்டை நம்பாதீங்க" என்கிறார். பையன் "ரொக்கமே வேண்டாம், எல்லாம் கார்டைத் தட்டுற டேப்தான்" என்கிறான். இருக்கிறது ஒரு தேசிய வங்கி விசா டெபிட் கார்டு, ஒரு கிரெடிட் கார்டு, அம்மாவோட கூட்டுறவு வங்கி ரூபே கார்டு. எதை எங்கே நீட்டுறது?

வெலிங்டன் | 2 ஜூன், இரவு

நாலு நாட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டியது இதுதான்: ரூபாயை அந்த ஊர்ப் பணமாக மாற்றும் வேலையை யார் செய்கிறார், எத்தனை தரம் மாறுகிறது, ஒவ்வொரு தரமும் எவ்வளவு பிடிக்கிறார்கள். அது தெரிந்தால் ரொக்கமா கார்டா என்பது தானே முடிவாகிவிடும்.

முதலில் கார்டு. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம் இருக்கும். அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 4.13%. லட்ச ரூபாய்க்கு 4,130 ரூபாய் வங்கிக்குப் போகிறது. சில கார்டுகளில் இது 2%, சிலவற்றில் சுத்தமாகக் கிடையாது. உங்கள் கார்டில் எவ்வளவு என்பதை வங்கி இணையதளத்தில் கட்டண அட்டவணையில் 'கிராஸ் கரன்சி மார்க்கப்' என்ற வரியில் பாருங்கள். கிளையில் வாய்வார்த்தையாகச் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது ரொக்கம். கோவையில் டாலர் வாங்கினால் சந்தை விலைக்கு மேல் ஒன்று, ஒன்றரை சதவீதத்தில் பேசி முடிக்கலாம். தாய்லாந்து பாட், மலேசிய ரிங்கிட் கேட்டால் அதே கவுண்டரில் இடைவெளி பல மடங்காகும். அந்த நோட்டு அவர்களிடம் அதிகம் புழங்குவதில்லை, இருப்பு வைப்பதே அவர்களுக்குச் செலவு.

கணக்காகவே போட்டுப் பாருங்கள். டாலரின் சந்தை விலை 85.50 ரூபாய், கவுண்டர் விலை 86.40 என்று வையுங்கள். 1,000 டாலருக்கு 86,400 ரூபாய், ஜிஎஸ்டி 156, மொத்தம் 86,556. பாங்காக்கில் நல்ல மாற்றுக்கடையில் டாலருக்கு 32.50 கிடைத்தால் கையில் 32,500 பாட். அதே 86,400 ரூபாய்க்குக் கோவையிலேயே பாட்டை 2.80 விலையில் வாங்கினால் 30,857தான். வித்தியாசம் 1,643 பாட், நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். இரண்டு தரம் மாற்றியும் டாலர் வழிதான் லாபம்.

அதே 32,500 பாட்டைக் கார்டில் செலவழித்தால்? விசா, மாஸ்டர்கார்டு விலை பாட்டுக்கு 2.63 என்று வைத்தால் 85,475 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டில் அதோடு சரி. 4.13% கார்டில் 89,005. ஆக மலிவு வரிசை: மார்க்கப் இல்லாத கார்டு, டாலர் ரொக்கம், சாதாரண கார்டு, கடைசியில் ஊரிலேயே வாங்கிய பாட்.

டிராவல்ஸ்காரர் சொல்வது உங்கள் இப்போதைய விசா கார்டுக்குச் சரி. பையன் சொல்வது அவனிடம் மார்க்கப் இல்லாத கார்டு இருந்தால் சரி, அதுவும் சிங்கப்பூர் வரைக்கும்.

கோத்தகிரி | 3 ஜூன்

ஜிஎஸ்டி எப்படிப் போடுகிறார்கள் என்று பலருக்கும் தெரிவதில்லை. மாற்றும் மொத்தத் தொகைக்கு 18% என்று பயந்து போகிறவர்கள் உண்டு. லட்சம் ரூபாய் வரை மாற்றினால் தொகையில் 1%தான் சேவையின் மதிப்பு, குறைந்தது 250 ரூபாய். அந்த மதிப்புக்குத்தான் 18%. 25,000 ரூபாய் வரை எவ்வளவு மாற்றினாலும் 45 ரூபாய். ஒரு லட்சத்துக்கு 180. அதற்கு மேல் பில்லில் 'சேவைக் கட்டணம்', 'கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி வந்தால் அது அரசு வரி அல்ல, கடையின் சொந்த வரவு. விலை பேசும்போதே "எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள் தம்பி. 'கமிஷன் இல்லை' என்ற போர்டு விலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

50,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கட்டி டாலர் வாங்க முடியாது. வங்கி வழியாகத்தான். பாஸ்போர்ட், பான், டிக்கெட் நகல், வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான ஏ2 படிவம் வேண்டும். பயணத்துக்கு 60 நாளுக்குள்தான் வாங்கலாம். ஆகஸ்ட் கடைசியில் பயணம் என்றால் இப்போதே போய் நிற்க வேண்டாம். ஒரு ஆள் ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை. நாலு பேருக்கு அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள்.

கேத்தி | 3 ஜூன்

அம்மாவின் ரூபே கார்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கார்டில் 'குளோபல்' என்றோ பின்பக்கம் டிஸ்கவர், டைனர்ஸ், ஜேசிபி சின்னம் ஒன்றோ இல்லாவிட்டால் அது உள்நாட்டுக் கார்டு. கூட்டுறவு வங்கிகளும் ஜன்தன் கணக்குகளும் தருவது பெரும்பாலும் அந்த வகைதான். குளோபல் கார்டாக இருந்தாலும் அந்தச் சின்னம் ஒட்டிய ஏடிஎம்மைத் தேடிப் போக வேண்டும்.

பந்தலூர் | 3 ஜூன், இரவு

சரி, அப்ப மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு வாங்கிட்டா ஏடிஎம்மில் எடுத்துக்கிட்டே போகலாமே? டாலர் எதுக்கு?

வெலிங்டன் | 4 ஜூன்

தாய்லாந்தில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே வெளிநாட்டுக் கார்டுக்கு ஏடிஎம்காரர் தனியாக 220 பாட் எடுத்துக்கொள்கிறார், சில வங்கிகளில் அதற்கும் மேல். எவ்வளவு எடுத்தாலும் அதே 220. அதன் மேல் நம் வங்கி ஒரு தடவைக்கு 125, 150 ரூபாய் என்று பிடிக்கும், அதற்கும் ஜிஎஸ்டி.

2,000 பாட் எடுத்தால் ஏடிஎம் கட்டணமே 11%. நம் வங்கியின் 177 ரூபாய் இன்னொரு 3.4%. சாதாரண கார்டென்றால் மார்க்கப் 4.13%. கிட்டத்தட்ட 18, 19 சதவீதம் ஒரே அழுத்தலில் காலி. அதையே 20,000 பாட்டாக எடுத்தால் ஏடிஎம் 1.1%, வங்கி 0.34%. மார்க்கப் இல்லாத கார்டில் மொத்தம் ஒன்றரை சதவீதத்துக்குள் முடியும். அதனால் தாய்லாந்தில் ஏடிஎம் என்றால் ஒரே தடவை, பெரிய தொகை. 'செலவானால் மறுபடி எடுத்துக்கலாம்' என்று சில்லறையாக எடுப்பதுதான் அங்கே மிகப் பெரிய நஷ்டம். ஊரில் வங்கி வெப்சைட்டில் தினசரி வெளிநாட்டு ஏடிஎம் வரம்பை 60,000 ரூபாய்க்குக் குறையாமல் உயர்த்தி வைக்காவிட்டால் 20,000 பாட் வெளியே வராது.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் சொருகவே கூடாது. 2.5% அளவில் முன்பணக் கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. மார்க்கப் இல்லை என்ற சலுகை இதற்குப் பொருந்தாத கார்டுகளும் உண்டு.

வெலிங்டன் | 4 ஜூன், பத்து நிமிடம் கழித்து

இதைத் தனியாக எழுதுகிறேன். மேலே உள்ள எல்லாவற்றையும்விட முக்கியம், எப்போதும் விட்டுப்போகிறது.

ஏடிஎம்மில் தொகையை அடித்ததும் ஒரு திரை வரும். "உங்கள் கணக்கில் பிடிக்கப்படும் தொகை: இத்தனை இந்திய ரூபாய்" என்று பைசா வரைக்கும் துல்லியமாகக் காட்டும். கீழே இரண்டு பொத்தான். ஒன்று 'வித் கன்வர்ஷன்' அல்லது 'அக்செப்ட்'. மற்றது 'வித்அவுட் கன்வர்ஷன்' அல்லது 'டிக்லைன்'. ஏற்கச் சொல்லும் பொத்தான் பச்சையாகப் பெரிதாக இருக்கும். மறுக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் 'உங்கள் வங்கி விலை மாறக்கூடும்' என்று பயமுறுத்தும் வரி ஒன்று இருக்கும். டிக்லைனைத்தான் அழுத்த வேண்டும். அழுத்தினால் பரிவர்த்தனை ரத்தாகிவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் பச்சையைத் தொடுகிறார்கள். ரத்தாகாது. பணம் வரும். ரூபாய் கணக்கை அந்த ஊர் இயந்திரம் போடாமல் விசாவோ மாஸ்டர்கார்டோ போடும், அவ்வளவே.

அந்த இயந்திரம் போடும் விலையில் நூற்றுக்கு 4 முதல் 8 வரை ஒளிந்திருக்கும். மார்க்கப் இல்லாத கார்டை எவ்வளவு தேடி வாங்கியிருந்தாலும் இந்தப் பச்சைப் பொத்தான் அதைப் பாழாக்கிவிடும். போதாததற்கு, வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனை என்று நம் ஊர்க் கிரெடிட் கார்டுகள் பல 1% அளவில் தனியாகவும் பிடிக்கின்றன.

கடையில் இன்னும் நுணுக்கம். ஸ்வைப் மெஷினில் கடைக்காரரே நமக்காக ரூபாயை அழுத்திவிடுவார். கார்டைத் தட்டுவதற்கு முன் மெஷினை வாங்கித் திரையைப் பாருங்கள். இரண்டு தொகை தெரிந்தால் உள்ளூர்ப் பணத்தைத் தொடுங்கள். சீட்டில் ரூபாய் அச்சாகி வந்துவிட்டால் கவுண்டரை விட்டு நகராமல் "வாய்டு (ரத்து) செய்துவிட்டு ரிங்கிட்டில் போடுங்கள்" என்று கேளுங்கள். அப்போதே கேட்டால் ஒரு நிமிட வேலை. ஊர் வந்து வங்கியிடம் முறையிட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் பதிவு இருக்கும்.

கோத்தகிரி | 5 ஜூன்

ஹோட்டல் பதிவு ஆப்களிலும் இதே கதை. நமக்கு வசதியாக ரூபாயில் விலை காட்டும். பணம் எடுக்கும் இடத்தில் 'ரூபாயிலா, ரிங்கிட்டிலா' என்ற தேர்வு சின்ன எழுத்தில் இருக்கும்.

கேத்தி | 5 ஜூன்

சிங்கப்பூர் விஷயம் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் ரொக்கம் தேவையில்லை. எம்ஆர்டி மெட்ரோ ரயில், பஸ் இரண்டிலும் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டினால் போதும். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. வெளிநாட்டுக் கார்டாக இருந்தால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சென்ட் நிர்வாகக் கட்டணம் உண்டு. நாலு பேர் மூன்று நாள் என்றால் 7.20 சிங்கப்பூர் டாலர். வயதானவர்களுக்கு ஸ்டேஷனிலேயே ஈசிலிங்க் பயணக் கார்டு எடுத்துக் கொடுப்பது வசதி.

நுழையும்போது தட்டிய அதே பொருளையே வெளியேறும்போதும் தட்ட வேண்டும். போனில் ஏற்றிய கார்டும் கையில் உள்ள பிளாஸ்டிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு வேறு கார்டு.

ரொக்கம் வேண்டியது ஹாக்கர் சென்டர் என்ற சாப்பாட்டுக் கூடங்களில். பல கடைகளில் உள்ளூர் க்யூஆர் அல்லது ரொக்கம்தான். நம் யூபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ் பணப்பரிமாற்றத்தையும் சேர்க்கும் இணைப்பு 2023 பிப்ரவரியில் வந்தது, ஆனால் அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான், சாப்பாட்டுக் கடையில் உதவாது. செரங்கூன் ரோடு, முஸ்தபா பக்கம் மாற்றுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. 100 அமெரிக்க டாலரை அங்கே சிங்கப்பூர் டாலராக மாற்றினால் நாலு பேரின் சில்லறைச் செலவு முடிந்துவிடும். நாளைக்கு வேண்டிய ரிங்கிட்டையும் அங்கேயே வாங்குங்கள், நல்ல விலை கிடைக்கும்.

மீதிச் சில்லறையில் புருனே டாலர் வந்தால் பதற வேண்டாம். 1967 உடன்படிக்கைப்படி சிங்கப்பூருக்குள் ஒன்றுக்கு ஒன்று செல்லும். ஆனால் ஜொகூர் பாலம் தாண்டுவதற்குள் அதைத்தான் முதலில் செலவழிக்க வேண்டும்.

பந்தலூர் | 6 ஜூன்

உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூருக்கு ரயில் இருக்குன்னு சொல்றாங்களே, டிக்கெட் அங்கேயே வாங்கலாமா?

கேத்தி | 6 ஜூன்

டெப்ராவ் ஷட்டில். ஐந்து நிமிடப் பயணம். சிங்கப்பூரிலிருந்து போனால் 5 சிங்கப்பூர் டாலர், ஜொகூரிலிருந்து வந்தால் 5 ரிங்கிட். கடைசி நேரத்தில் இடம் இருக்காது, மலேசிய ரயில்வேயின் கேடிஎம் ஆப்பில் ஊரிலேயே பதிவு செய்யுங்கள். ஆன்லைன் கட்டணத்துக்கு ஓடிபி வரும், வீட்டில் உட்கார்ந்து செய்வதே நிம்மதி.

வாடகைக் கார் கூப்பிடும் கிராப் ஆப்பிலும் கார்டை இங்கிருந்தே ஏற்றிவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் அந்த ஒரே ஆப். இலங்கையில் கிராப் கிடையாது, பிக்மீ அல்லது ஊபர்.

வெலிங்டன் | 7 ஜூன்

ஓடிபி என்றதும் இதையும் சேர்க்க வேண்டும். நம்மூர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போடாதீர்கள். சிம் போனை விட்டு வெளியே போனால் யூபிஐ ஆப்பும் சில வங்கி ஆப்களும் மறுபடி பதிவு கேட்கும். அதற்கு நம் எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், வெளிநாட்டில் அது தகராறு. நம் சிம் ரோமிங் இயங்கும் நிலையில் முதல் இடத்தில் இருக்கட்டும், டேட்டாவுக்கு இரண்டாவதாக அங்கத்திய சிம்மோ இசிம்மோ போட்டுக்கொள்ளுங்கள். பந்தலூர், சேரம்பாடி பக்கம் சிக்னல் படுத்தும் பாட்டில் வங்கி ஆப்பின் சாதனப் பதிவு பாதியில் நின்றுபோகும். கிளம்புகிற வாரத்தில் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கடையில் நேராகக் கார்டைச் சொருகினால் ஓடிபி கேட்காது. பின் எண் மட்டும்தான். கிரெடிட் கார்டுக்குப் பின் எண் உருவாக்காமலே வைத்திருப்பவர்கள் அதிகம். ஆளில்லாத டிக்கெட் இயந்திரத்தில் அது நிற்கும்.

2020 அக்டோபரிலிருந்து வரும் எந்தப் புதிய கார்டிலும் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்துத்தான் தருகிறார்கள். இது ரிசர்வ் வங்கி விதி. ஆப்பில் போய் ஏடிஎம், கடை, ஆன்லைன், டேப் என்று நாலையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். 'இன்டர்நேஷனல் ஆன்' என்று ஒன்றைத் தட்டிவிட்டு டேப்பை விட்டுவிட்டால் சாங்கி ரயில் கேட்டில் சிவப்பு விளக்குதான். திறந்த பிறகு அதே பக்கத்தில் வரம்பையும் பாருங்கள். சில வங்கிகளில் திறந்தாலும் வரம்பு பூஜ்யமாகவே இருக்கும்.

கோத்தகிரி | 7 ஜூன்

டாலர் நோட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

100 டாலர் நோட்டாகவே வாங்குங்கள். பாங்காக் மாற்றுக்கடை போர்டில் 100க்கு ஒரு விலை, 50க்கு ஒரு விலை, 20, 10க்கு இன்னொரு விலை, ஒற்றை டாலருக்குக் கடைசி விலை என்று இறங்கிக்கொண்டே போகும். நோட்டின் நடுவே நீலப் பட்டை ஓடும் புது வடிவம், அதாவது 2013 அக்டோபரில் வெளிவந்தது, அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய சின்னத் தலை நோட்டு செல்லத்தக்கதுதான், ஆனால் கடைக்காரர் விலை குறைப்பார், அல்லது வேண்டாம் என்பார். மடிப்பில் கிழிசல், பேனாக் கிறுக்கல், ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர் ஓட்டை இருக்கும் நோட்டைக் கோவை கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். அவர்கள் மாற்றித் தருவார்கள், வெளிநாட்டில் யாரும் தரமாட்டார்கள்.

நம் மலைக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆடி மழையில் பீரோவில் துணிக்கு நடுவே வைத்த நோட்டின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழும். தேவாலா, பந்தலூர் ஈரத்துக்குச் சில வாரமே போதும். வெளிச்சத்தில் பிடித்தால் தேநீர்க் கறை மாதிரி தெரியும். அந்த நோட்டை எந்த மாற்றுக்கடையும் முழு விலைக்குத் தொடாது. காற்றுப் புகாத ஜிப் கவரில் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு, மடிக்காமல், ஒரு அட்டையோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், ஈரத்தில் அது நோட்டோடு ஒட்டும்.

வாங்குவதை கிளம்பும் நாளுக்கு வைக்காதீர்கள். ஊட்டியில் வெளிநாட்டுப் பணம் கையாளும் கிளை இருந்தாலும் புது 100 டாலர் நோட்டு கேட்ட அளவில் இருப்பது நிச்சயமில்லை. ஆகஸ்டில் கூடலூர் பாதையிலோ மேட்டுப்பாளையம் பாதையிலோ மரம் விழுந்தால், மண் சரிந்தால், நேரே விமான நிலையம் ஓடுவீர்கள். அங்குள்ள கவுண்டர் விலையில்தான் வாங்க வேண்டிவரும். இரண்டு வாரம் முன்பே கோவையில் இரண்டு மூன்று உரிமம் பெற்ற கடைக்குப் போன் போட்டு விலை கேட்டு, நோட்டு வகையைச் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பந்தலூர் | 8 ஜூன்

ஃபாரெக்ஸ் கார்டுன்னு ஒண்ணு வங்கியில் தள்ளிவிடப் பார்க்கிறாங்க. அது?

வெலிங்டன் | 8 ஜூன்

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு அது. ஒரே நாட்டுக்குப் போகிறவருக்கு நல்லது. உங்கள் வழிக்கு யோசிக்க வேண்டும். அதில் சிங்கப்பூர் டாலர் ஏற்றலாம், பாட்டும் பல கார்டுகளில் இருக்கும். ரிங்கிட் சிலவற்றில்தான். இலங்கை ரூபாய் கிடைப்பது அரிது. ஏற்றாத நாணயத்தில் செலவழித்தால் கையிலிருக்கும் டாலரிலிருந்து மாற்றி 3.5% வரை பிடிப்பார்கள். ஏற்றும்போது ஒரு இடைவெளி, செலவழிக்கும்போது இன்னொன்று. மிச்சத்தைத் திருப்பும்போது மூன்றாவது. ஏடிஎம் கட்டணம் தனி.

ஒரு நன்மையை மறைக்கக் கூடாது. அது உங்கள் சேமிப்புக் கணக்கோடு ஒட்டாது. எங்காவது கார்டு நகலெடுக்கப்பட்டால் அதில் உள்ளதோடு போகும். டெபிட் கார்டு எடுத்துப் போகிறவர்கள் அதே பாதுகாப்பை வேறு வழியில் செய்யலாம்: தனியாக ஒரு கணக்கு, அதில் 40,000 மட்டும், குறையக் குறைய ஆப்பில் மாற்றிக்கொள்வது.

கோத்தகிரி | 8 ஜூன்

டிசிஎஸ், அதாவது விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, அதைப் பற்றியும் பயம் காட்டுவார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு ஆளுக்கு நிதியாண்டில் 10 லட்சம் தாண்டினால்தான் டாலர் வாங்குவதற்கும் ஃபாரெக்ஸ் கார்டுக்கும் 20% பிடித்தம். அதற்கு முன் எல்லை 7 லட்சம். உங்கள் இரண்டரை லட்சத்துக்கு ஒன்றும் இல்லை. சுற்றுலா பேக்கேஜாக வாங்கினால் கணக்கு வேறு, அங்கே முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு, 2025ல் அது 5% ஆக இருந்தது. பிடித்தது உங்கள் பெயரிலுள்ள வரிப் பிடித்தப் பட்டியலில் வரும், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம்.

கேத்தி | 10 ஜூன்

மலேசியா. ஹோட்டல், மால், சங்கிலிக் கடை எல்லாம் கார்டு. நாசி கண்டார் கடை, இரவுச் சந்தை, சின்ன ஊர் பஸ் எல்லாம் ரொக்கம். சிறிய கடைகளில் கார்டுக்கு 2, 3 சதவீதம் கூடுதல் கேட்பார்கள், அப்போது ரொக்கமே மேல். வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, முன்பதிவில் சேராமல் ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். வைப்புத்தொகையும் கேட்பார்கள். அதற்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் பணம் பூட்டப்பட்டு விடுபட வாரக்கணக்கில் ஆகலாம். கிரெடிட் கார்டு அல்லது ரொக்கம் கொடுங்கள். கிரெடிட் கார்டில் பூட்டு மட்டும் விழுந்து விடுபட்டால் மார்க்கப் கிடையாது.

பினாங்கிலிருந்து ஹாட்யாய் போக பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி பாடாங் பெசார். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் அதே ஸ்டேஷன் கட்டடத்தில். அங்கிருந்து தாய்லாந்து ரயிலுக்குக் கையில் பாட் ரொக்கம் வேண்டும். ஆளுக்கு 200 பாட் அளவு பினாங்கிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச ரிங்கிட் நோட்டை ஹாட்யாய் மாற்றுக்கடையில் கொடுத்துவிடலாம், அந்த ஊரே மலேசிய வாடிக்கையாளரை நம்பி இருப்பது. காசுகளை எவரும் மாற்ற மாட்டார்கள், எல்லைக்கு முன் தண்ணீர் பாட்டிலாக மாற்றிவிடுங்கள்.

வெலிங்டன் | 10 ஜூன்

கேத்தி சொன்ன வரிசையில்தான் மிச்சத்தைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு நாட்டின் மிச்சமும் அடுத்த நாட்டுப் பணமாகட்டும், ரூபாய்க்குத் திரும்ப வேண்டாம். பாங்காக்கில் மட்டும் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். கொழும்பில் பாட்டுக்கு நல்ல விலை எதிர்பார்க்க முடியாது. கடைசி இரவு ஹோட்டல் பில்லில் கையிலிருக்கும் பாட் முழுவதையும் கொடுத்து, பாக்கியை மட்டும் கார்டில் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கோத்தகிரி | 11 ஜூன்

இலங்கைக்கு வருகிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து இங்கே வந்து குடியேறியவர்களின் சொந்தம் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா முழுக்க இருப்பதால் இந்தக் கேள்வி நம் மலையில் அடிக்கடி வருகிறது.

இலங்கை ரூபாயை இங்கே தேட வேண்டாம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் வழியில் வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். மற்ற ஊர் விமான நிலையங்கள் மாதிரி அங்கே மோசமான விலை இல்லை. இரண்டு மூன்று கவுண்டர் போர்டைப் பார்த்துவிட்டு 200, 250 டாலரை அங்கேயே மாற்றிவிடலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரும்பும்போது மிச்சத்தை மறுபடி டாலராக்க அதைக் கேட்பார்கள். மாற்றும்போது 5,000 ரூபாய் நோட்டாகவே கட்டி நீட்டுவார்கள். பாதியை 500, 1,000 ஆகக் கேளுங்கள். தோட்டப்பக்கத்து டீக்கடையிலும் த்ரீவீலரிலும் 5,000 நோட்டுக்குச் சில்லறை கிடையாது.

2024 பிப்ரவரி 12 முதல் அங்கே யூபிஐ வேலை செய்கிறது, லங்கா க்யூஆர் வைத்திருக்கும் கடைகளில். ஆப்பில் 'யூபிஐ இன்டர்நேஷனல்' என்ற பகுதியில் கணக்கைத் தனியாகத் திறக்க வேண்டும், அது குறிப்பிட்ட காலத்துக்குத்தான் திறந்திருக்கும். கொழும்புக் கடைகளில் முயன்று பாருங்கள். மலைநாட்டில் அதை நம்பிக் கையில் பணமில்லாமல் போகாதீர்கள்.

உறவினருக்குப் பணமாகக் கொடுக்க நினைத்தால் இலங்கை ரூபாயாகவே கொடுங்கள் தம்பி. டாலரைக் கையில் திணித்தால் அதை மாற்ற அவர்கள் ஹட்டன் டவுன் வரைக்கும் இறங்க வேண்டும்.

பந்தலூர் | 11 ஜூன், இரவு

அப்ப மொத்தமா எப்படிப் பிரிக்கிறது? ஒரு தடவை எண்ணாகச் சொல்லுங்கண்ணா.

வெலிங்டன் | 12 ஜூன்

1,000 டாலர் நோட்டாக. ஒன்பது 100, மீதி 20ம் 10ம். செலவு ஏறத்தாழ 86,500. இதில் 100 சிங்கப்பூருக்கு, 150 மலேசியாவுக்கு, 400 தாய்லாந்துக்கு, 250 இலங்கைக்கு. மிஞ்சும் 100 சில்லறை நோட்டு தொடக்கூடாத அவசரப் பணம்.

மார்க்கப் இல்லாத கார்டு ஒன்றுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மலைக்குத் தபாலில் வந்து சேர்ந்து, பின் எண் போட்டு, நாலு சுவிட்சையும் திறந்து, ஒரு தடவை உள்ளூரிலேயே பயன்படுத்திப் பார்க்க நாள் வேண்டும். அதற்கு 1,20,000. மீதி 40,000 பழைய விசா டெபிட் கார்டின் கணக்கில், இது மாற்று. இரண்டு கார்டும் ஒரே வங்கியாக இருக்க வேண்டாம். முடிந்தால் ஒன்று விசா, மற்றது மாஸ்டர்கார்டு. ஒரே பர்ஸிலும் வேண்டாம், ஒன்று உங்களிடம், மற்றது வீட்டம்மாவிடம். இந்திய ரூபாய் நாலாயிரம் திருச்சியில் இறங்கி மலை ஏறுவதற்கு. 25,000 ரூபாய் வரை நோட்டாக எடுத்துப் போகலாம், ஆனால் தேவையில்லை.

கேத்தி | 12 ஜூன்

தாய்லாந்துக்கு 400 போதுமா? ஹாட்யாயில் எல்லாமே ரொக்கம், பாங்காக்கில் தெருச் சாப்பாடு, படகு, டுக்டுக் எல்லாம் ரொக்கம். நாலு பேர் ஐந்து நாள் என்றால் 13,000 பாட் இழுபறி. நான் 500 என்பேன். சிங்கப்பூரில் கார்டே பெரும்பாலும் போதும், அந்த 100ஐ இங்கே நகர்த்தி, ஹாக்கர் செலவுக்கு அவசரப் பணத்தின் சில்லறை நோட்டிலிருந்து 40 டாலர் எடுக்கலாம். குடிநுழைவில் கையிருப்பைக் காட்டச் சொன்னாலும் டாலர் நோட்டு கண்ணுக்குத் தெரியும்.

வெலிங்டன் | 12 ஜூன்

ஒத்துக்கொள்கிறேன், 500. அப்படியும் குறைந்தால் ஒரே ஒரு ஏடிஎம் எடுப்பு, 20,000 பாட். அதற்குக் கீழே வேண்டாம்.

கோத்தகிரி | 14 ஜூன்

ஏடிஎம் பணம் தராமல் கணக்கில் மட்டும் பிடித்துவிட்டால்: இயந்திர எண், நேரம், இடம் மூன்றையும் போனில் படமெடுங்கள். சீட்டு வந்தால் அதையும் எடுங்கள், வெப்பத்தாள் எழுத்து சில வாரத்தில் மங்கிவிடும். அந்த ஊர் வங்கியிடம் சண்டை பிடிக்க வேண்டாம், அவர்கள் உங்கள் வங்கியைக் கைகாட்டுவார்கள். நம் வங்கி ஆப்பில் அன்றே புகார் எண் வாங்குங்கள். உள்நாட்டு ஏடிஎம்முக்கு உள்ள 'ஐந்து நாள் கடந்தால் நாளுக்கு 100 ரூபாய்' என்ற இழப்பீடு வெளிநாட்டு ஏடிஎம்முக்குக் கிடையாது, விசா, மாஸ்டர்கார்டு தகராறு வழியாகத்தான் திரும்பும், நாளாகும்.

உங்கள் கவனக்குறைவு இல்லாமல், நீங்கள் செய்யாத செலவு வந்தால் மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் முழுப் பொறுப்பும் வங்கியுடையது. நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் என்றால் சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். 2017ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. ஹட்டனில் சிக்னல் இல்லாத வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு எஸ்எம்எஸ் பார்த்தால் இந்தக் கெடு ஓடியிருக்கும். தினம் ஒரு தடவை டவுன் பக்கம் வரும்போது கணக்கைப் பாருங்கள்.

ஊர் வந்ததும் வெளிநாட்டுச் சுவிட்சை உடனே அணையுங்கள். ஆனால் ஹோட்டல் பூட்டுகள் விடுபட்டதா, தொகை சரியா என்று அடுத்த இரண்டு ஸ்டேட்மென்ட் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். மிச்ச டாலர் 2,000க்குள் இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வைத்துக்கொள்வதானால் சிலிக்கா பொட்டலத்தை மாற்றிவிட்டு வையுங்கள், பழையது ஈரம் குடித்திருக்கும்.